கரையோரத் தூண்டில் மீன்பிடிப்பு

கரையோரத் தூண்டில் மீன்பிடிப்பு என்பது படகு, வள்ளம், கட்டுமரம் முதலிய கலங்கள் எதிலும் ஏறாமல், கடற்கரை மணல், பாறை, அலைதடுப்புச் சுவர், கழிமுகம் ஆகிய இடங்களில் நின்றவாறு தூண்டிலைக் கடலுள் எறிந்து மீன் பிடிக்கும் முறையாகும். இது கடலோர மக்களின் பழமையான உணவு தேடும் முறைகளுள் ஒன்றாகும். இங்கிலாந்து, ஆத்திரேலியா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் போன்ற நாடுகளில் இது விடுமுறைக் காலப் பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டின் தென்கடற்கரையில் இவ்விரு வடிவங்களும் காணப்படுகின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கரையோர ஊர்களில் உள்ளூர் மக்கள் கைத்தூண்டிலால் மீன் பிடிப்பதையும், தென்காசி, குற்றாலம் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து விடுமுறைக்கு வருவோர் அதனை முயன்று பார்ப்பதையும் காணலாம்.

குற்றாலமும் கடலும்

குற்றாலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தில் அமைந்த அருவி நகரம் ஆகும். இம்மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. இதற்குக் கடற்கரை இல்லை. எனினும் குற்றாலத்தின் நீர் கடலைச் சென்றடைகின்றது. குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கின்றது. தாமிரபரணி, திருவைகுண்டம் அணையைத் தாண்டி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கின்றது. ஆகவே பேரருவியில் விழும் நீரின் இயற்கையான முடிவிடம் புன்னைக்காயல் கழிமுகமே ஆகும்.

நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இக்கழிமுகம் போன்ற இடங்கள் கரையோர மீன்பிடிப்புக்கு ஏற்றவை. ஆறு கொண்டுவரும் மக்கிய பொருள்கள் சிற்றுயிர்களுக்கு உணவாகின்றன. சிற்றுயிர்களைத் தேடி மடவை போன்ற மீன்களும், அவற்றைத் தேடிக் கொடுவா போன்ற பெரிய மீன்களும் வருகின்றன. விலாங்கு இதற்கு மறுதிசையில் பயணிக்கும் உயிரினமாகும். அது ஆற்றில் வளர்ந்து, இனப்பெருக்கத்திற்காகக் கடலுக்குச் செல்கின்றது. ஆற்றின் குறுக்கே கட்டப்படும் அணைகள் இத்தகைய மீன்களின் வழியைத் தடுக்கின்றன.

திருநெல்வேலியிலிருந்து ஒருபுறம் தென்காசி, செங்கோட்டைக்கும், மறுபுறம் திருச்செந்தூருக்கும் தொடர்வண்டிப் பாதைகள் உள்ளன. அருவிக் குளியலையும் திருச்செந்தூர்க் கடற்கரையையும் ஒரே பயணத்தில் காண்பது இப்பகுதிக் குடும்பங்களிடையே வழக்கமாகும்.

வரலாறு

சங்க இலக்கியங்களில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டன. அந்நிலத்து மக்களின் தொழிற்கருவிகளாக வலை, தூண்டில், திமில் ஆகியன அப்பாடல்களில் இடம்பெறுகின்றன. தூண்டில் என்னும் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பொருள் மாறாது வழங்கி வருகின்றது.

மீன்பிடிப்பைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் பரவியது. சென்னை மாகாண ஆட்சிப் பணி அலுவலரான என்றி சல்லிவன் தாமசு, இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய நூலொன்றை 1873ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பெரிதும் கவனம் செலுத்தியது மலை ஆறுகளில் வாழும் மீன்களின் மீதாகும். அதன் பின்னர் பிரான்சிசு டே எழுதிய இந்திய மீன்கள் பற்றிய பெருநூல் 1875 முதல் 1878 வரையான காலத்தில் பகுதி பகுதியாக வெளிவந்தது.

இலங்கையின் தென்கரையில் கொக்கலை, வெலிகமை ஆகிய ஊர்களை ஒட்டி, ஆழமற்ற கடலில் நடப்பட்ட கம்பத்தின் மீது அமர்ந்து தூண்டில் இடும் முறை உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டித் தோன்றியதாகக் கூறப்படும் இம்முறை, இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் நிழற்படத்திற்காகவே நிகழ்த்தப்படுகின்றது. ஒரு தொழில் காட்சிப் பொருளாக மாறியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தொழில்முறைக் கரையோர மீன்பிடிப்பு

கரையில் நின்று மீன் பிடிக்கும் முறைகள் அனைத்தும் தூண்டில் முறைகள் அல்ல. தமிழகக் கரையோரத்தில் பின்வருவன முதன்மையானவை.

கரைவலை: வலையின் ஒரு முனைக் கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளத்தில் சென்று வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கி, மறுமுனைக் கயிற்றை வேறிடத்தில் கரைசேர்ப்பர். பின்னர் இரு குழுவினர் இருமுனைகளையும் ஒரே சீராக இழுப்பர். மீன்கள் வலையின் நடுவிலுள்ள மடி என்னும் பையில் சேரும்.

வீச்சுவலை: ஓரத்தில் ஈயக் குண்டுகள் கோக்கப்பட்ட வட்டவலையை ஒருவரே கையால் விரித்து வீசுவது. கழிமுகங்களில் மடவை பிடிக்க இது பயன்படுகின்றது.

கைத்தூண்டில்: கழி இன்றி, நரம்பின் முனையில் முள்ளும் ஈயக் குண்டும் கட்டி, கையால் சுழற்றி எறிவது. மிகக் குறைந்த செலவில் அமைவதால் கரையோரச் சிறுவர்கள் முதலில் கற்பது இதுவே.

இவை வாழ்வாதாரத்திற்கான தொழில்கள் என்பதால், பொழுதுபோக்காக வருவோர் இவற்றுக்கு இடையூறு செய்யாதிருத்தல் வேண்டும். கரைவலை இழுக்கப்படும் இடத்தில் தூண்டில் எறிந்தால் முள் வலையில் சிக்கிக் கண்ணிகள் அறுபடும். இழுப்பவர்களின் கையையும் முள் கிழிக்கக்கூடும். கரைவலை இழுக்கப்படும்போது இரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட பகுதியை முழுமையாக விட்டு விலகுவது கடற்கரை மரபாகும்.

கருவிகள்

பொழுதுபோக்குக் கரையோரத் தூண்டிலின் உறுப்புகள் வருமாறு.

கழி: அலைகளைத் தாண்டி எறிய வேண்டியிருப்பதால் பொதுவாக 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள கழி பயன்படுத்தப்படும். நீளமான கழி நெம்புகோலைப் போல் இயங்கி, அதன் முனையின் வேகத்தைக் கூட்டுகின்றது. உயரமாக நிற்கும் கழி, நரம்பை அலை நுரைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும் உதவும்.

உருளை: நரம்பைச் சுற்றி வைக்கும் பொறி. இது வழக்கில் ரீல் எனப்படுகின்றது. உருளையில் உள்ள உராய்வுத் தடை, பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுபடாமல் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும்.

நரம்பு: பெரும்பாலும் நைலான் ஒற்றையிழை. கரையோரப் பயன்பாட்டில் 0.30 முதல் 0.45 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை வழக்கமானவை. தடித்த நரம்பு வலிமை மிக்கதாயினும், காற்றின் தடையையும் நீரோட்டத்தின் இழுப்பையும் அதிகமாகப் பெறும் என்பதால் எறியும் தொலைவு குறையும்.

ஈயக் குண்டு: நரம்பை நெடுந்தொலைவு கொண்டு செல்லவும், இரையைக் கடலடியில் நிறுத்தவும் பயன்படும். அலையின் வலிமைக்கேற்ப 50 முதல் 150 கிராம் வரை இருக்கும். ஈயம் நச்சுத்தன்மை உடையது. அன்னப்பறவைகள் அதனை விழுங்கி இறந்ததால், ஐக்கிய இராச்சியத்தில் சிறிய ஈயக் குண்டுகளின் பயன்பாடு 1987ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது.

முள்: முள்ளின் அளவு எண்ணால் குறிக்கப்படும். 10, 8, 6, 4, 2, 1 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். அதற்கு மேல் 1/0, 2/0, 3/0 என எண் கூடக்கூடப் பெரிதாகும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள், மீனின் வயிற்றில் சிக்காமல் வாயோரத்தில் மாட்டும் தன்மையுடையது. பிடித்த மீனை உயிருடன் திரும்ப விடுவோர் இதனையே விரும்புவர்.

இரை: இறால், கணவாய்த் துண்டு, சாளை, சூடை, கடற்புழு, சிறு நண்டு முதலியன. தாவரப் பொருள்களையும் மக்கிய பொருள்களையும் உண்ணும் மடவைக்குப் பிசைந்த மாவு உருண்டை இடப்படும்.

இடமும் காலமும்

அலை உடையும் இடத்திற்கும் கரைக்கும் இடையே பெரும்பாலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அலை கிளறிவிடும் புழுக்களும் சிறு நண்டுகளும் இப்பள்ளத்தில் சேர்வதால் கிழங்கான் போன்ற மீன்கள் இங்கு மேயும். ஆகவே நெடுந்தொலைவு எறிவதே சிறந்தது என்னும் கருத்து எப்போதும் சரியன்று. வற்றத்தின்போது கரையை நோக்கி வைத்தால், ஏற்றத்தின்போது நீருக்குள் மறையும் மேடு பள்ளங்களை அறிந்துகொள்ளலாம்.

மன்னார் வளைகுடாவில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவாகும். இங்கிலாந்தின் சில கரைகளில் இது 10 மீட்டரையும் தாண்டுவதால், அந்நாட்டு நூல்கள் கூறும் ஓத அட்டவணை முறைகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கு காற்றும் நீரோட்டமும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பர். காற்றின் திசைக்கேற்ப வாடை, கொண்டல், கச்சான் எனப் பெயரிட்டு வழங்குவர்.

சூன் முதல் ஆகத்து வரையான காலம் குற்றாலத்தில் சாரல் காலமாகும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலைப் பொழிகின்றது. அதே காற்று ஈரம் இழந்து சமவெளியைக் கடந்து, தூத்துக்குடிக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வலிமையாக வீசுகின்றது. கிழக்கு நோக்கி எறிவோருக்கு இது முதுகுக் காற்றாக அமைந்து எறியும் தொலைவைக் கூட்டும். ஆனால் காற்றடைத்த மிதவைகளையும் பந்துகளையும் இக்காற்று விரைவில் கடலுக்குள் கொண்டு சென்றுவிடும். அவற்றைத் தொடர்ந்து நீந்துவது உயிருக்கு ஆபத்தானது. இதே காலத்தில் முட்டம், குளச்சல் உள்ளிட்ட மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால் அங்குக் கரையோரத் தூண்டில் தவிர்க்கப்பட வேண்டும்.

நாளின் பொழுதுகளுள் விடியற்காலையும் அந்திப்பொழுதும் ஏற்றவை. ஒளி குறைவதால் மீன்கள் கரையை நெருங்கி வருகின்றன.

கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுள் நீட்டிக் கட்டப்படும் பாறைச் சுவர்கள் தமிழகத்தில் தூண்டில் வளைவு என்று அழைக்கப்படுகின்றன. தூண்டில் முள்ளைப் போல் வளைந்திருப்பதால் இப்பெயர் பெற்றன. இவற்றின் கற்களிடையே கலவா போன்ற பாறை மீன்கள் தங்குகின்றன. கற்கள் பாசி படிந்து வழுக்குவதால் இங்கு விழுந்து காயமுறும் வாய்ப்பு மிகுதியாகும்.

கிடைக்கும் மீன்கள்

கரையிலிருந்து தூண்டிலில் அகப்படும் மீன்களுள் சில:

கிழங்கான் - மணற்பாங்கான கரையில் மேயும் ஒல்லியான மீன். புழுவையும் இறாலையும் விரும்பும்.
மடவை - கழிமுகங்களிலும் கரையோரத்திலும் கூட்டமாகத் திரியும்.
விளமீன் - பாறையும் மணலும் கலந்த தரையில் வாழும். சுவை மிக்கது.
பாறை - விரைந்து நீந்தும் வேட்டை மீன். நரம்பை வலுவாக இழுக்கும்.
ஊளி - கூரிய பற்களுடைய நீண்ட மீன். நைலான் நரம்பைக் கடித்து அறுக்கும் என்பதால் முள்ளருகே கம்பி கட்டப்படும்.
கொடுவா - கழிமுகங்களில் வாழும் பெரிய மீன்.
முரல் - நீர்மேற்பரப்பில் நீந்தும் ஊசி வாய் மீன்.

மீன் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. சென்னையில் வஞ்சிரம் எனப்படுவது தெற்கே நெய்மீன் என்றும் சீலா என்றும் வழங்கும். ஆகவே பெயரை மட்டும் கொண்டு மீனை அடையாளம் காணாமல், உள்ளூர் மீனவர்களிடம் காட்டிக் கேட்பது நன்று.

தீங்கு விளைவிக்கும் மீன்கள்

பேத்தை மீன் அச்சுறுத்தப்படும்போது உடலைப் பந்துபோல் உப்பச் செய்யும். இதன் ஈரல், முட்டைப்பை முதலிய உறுப்புகளில் உள்ள நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியது. சமைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. இதற்கு மாற்று மருந்தும் இல்லை. ஆகவே பேத்தை அகப்பட்டால் உண்ணாது விட்டுவிட வேண்டும்.

கெளிறு மீனின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்களும், ஓராவின் முதுகு முட்களும், திருக்கையின் வாலில் உள்ள முள்ளும் குத்தினால் கடும் வலி உண்டாகும். இவ்வகை நஞ்சுகள் வெப்பத்தால் சிதைவன. ஆகவே குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் வைத்திருப்பது முதலுதவியாகும். அதன் பின் மருத்துவரை அணுக வேண்டும்.

பிடித்த மீனை வெயிலில் வைத்திருப்பதும் தீங்கானது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் வெப்பத்தால் பாக்டீரியாக்கள் பெருகி இசுட்டமின் என்னும் பொருள் உண்டாகும். இதுவும் சமைப்பதால் நீங்காது. தோல் தடிப்பு, தலைவலி, வாந்தி ஆகியவற்றை ஏற்படுத்தும். பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடுவதே இதற்குத் தீர்வாகும்.

பாதுகாப்பு

கரையோர மீன்பிடிப்பில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது நீரைத் தவறாகக் கணிப்பதாகும்.

கரையில் மோதிய நீர் ஒரு குறுகிய தடத்தின் வழியே கடலுக்குத் திரும்புவது இழுவை நீரோட்டம் எனப்படும். அத்தடத்தில் அலை உடையாததால் நீர் அமைதியாகத் தோன்றும். அறியாதோர் அதனையே பாதுகாப்பான இடமாகக் கருதுவர். இதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அத்தடத்திலிருந்து வெளியேறிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும்.

மற்றொரு இடர் கள்ளக்கடல் ஆகும். தென் இந்தியப் பெருங்கடலில் நெடுந்தொலைவில் வீசும் புயற்காற்றினால் எழும் நீண்ட அலைகள் சில நாள்கள் பயணித்துத் தென்னிந்தியக் கரையை அடைகின்றன. கரையில் காற்றோ மழையோ இல்லாதபோதே கடல் திடீரெனப் பொங்குவதால் இப்பெயர் வழங்குகின்றது. 2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகிலுள்ள லெமூர் கடற்கரையில் அலையில் இழுக்கப்பட்டு மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தனர். அந்நாள்களில் தென்தமிழகக் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அதற்கு 11 நாள்களுக்குப் பின், மே 17 அன்று, பழைய குற்றால அருவியில் திடீரென ஏற்பட்ட வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவியிலும் கடலிலும் நிகழ்ந்தவை வேறு வேறு நிகழ்வுகளாயினும் ஒன்றில் ஒத்தவை: வெள்ளத்தை உண்டாக்கிய மழையும் அலையை எழுப்பிய காற்றும் வேறிடத்தைச் சேர்ந்தவை. நீராடிய இடத்தின் வானத்தைப் பார்த்து அவற்றை அறிய முடியாது. ஆதலால் எச்சரிக்கை அறிவிப்புகளே இங்கு முதன்மையான காப்பாகும். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், கள்ளக்கடல், ஆழிப்பேரலை ஆகியவை குறித்த முன்னறிவிப்புகளை வெளியிடுகின்றது.

பொதுவான பாதுகாப்பு நடைமுறைகள் வருமாறு:

எறியும் முன் பின்புறம் எவரும் இல்லை என உறுதி செய்தல்.
நீராடுவோர் உள்ள இடங்களில் தூண்டில் எறியாதிருத்தல்.
முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதிருத்தல்.
பாறையில் நிற்கும் முன் சில நிமிடங்கள் அலைகளைக் கவனித்து, மிகப்பெரிய அலை எட்டும் உயரத்திற்கு மேல் நிற்றல்.
தனியாகச் செல்லாதிருத்தல்.
இடி மின்னலின்போது கழியைக் கீழே வைத்துவிட்டு அகலுதல். கரிமநார்க் கழிகள் மின்சாரத்தைக் கடத்துவன.
கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால் உடனே மேட்டுநிலத்திற்கு ஓடுதல். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பல கரைகளில் இவ்வாறு கடல் உள்வாங்கியது.

சட்டமும் இயற்கைப் பாதுகாப்பும்

இங்கிலாந்தில் கரையிலிருந்து கடல்மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு உரிமக் கட்டணம் உண்டு. இந்தியாவில் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983 பெரிதும் மீன்பிடிக் கலங்களை ஒழுங்குபடுத்துவதாகும். மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்க, தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டுக்கு முன் இத்தடைக்காலம் 45 நாள்களாக இருந்தது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இப்பூங்காப் பகுதியில் மீன்பிடித்தல் சட்டப்படி குற்றமாகும். கடற்குதிரை, கடலட்டை, கடலாமை, ஆவுளியா ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவன. இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் தண்டனைக்குரியவை.

சட்டத்திற்கு அப்பால், எதனை எடுப்பது எதனை விடுவது என்னும் வினாவும் உள்ளது. கொடுவா மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. கலவா இனங்கள் பல இதற்கு மாறாகப் பெண்ணாக முதிர்ந்து பின் ஆணாகின்றன. எனவே மிகப்பெரிய மீன்களை மட்டும் தொடர்ந்து பிடித்தால் ஓரிடத்தில் ஒரு பாலினமே குறைந்துவிடக்கூடும். சிறு மீன்களையும் மிகப்பெரிய மீன்களையும் விடுவித்து, நடுத்தர அளவுள்ளவற்றை உணவுக்குத் தேவையான அளவே எடுப்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நடைமுறையாகும். மீனை விடுவிக்கும்போது ஈரக் கையால் பிடித்தல் வேண்டும். உலர்ந்த கை அதன் உடல்மீதுள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தை நீக்கிவிடும்.

அறுந்த நைலான் நரம்பு எளிதில் மக்குவதில்லை. அது ஆமைகளின் துடுப்பிலும் பறவைகளின் காலிலும் சுற்றி உறுப்பை அறுக்கின்றது. பவளப்பாறையில் சிக்கினால் பவளத்தை உடைக்கின்றது. ஆகவே அறுந்த நரம்பையும் பழைய முட்களையும் திரும்ப எடுத்துச் செல்வது ஒவ்வொருவரின் கடமையாகும். மலையடிவாரத்தில் ஆற்றில் வீசப்படும் நெகிழிக் குப்பைக்கும் இது பொருந்தும். சிற்றாற்றில் விழும் ஒரு பையும் தடைப்படாது மிதந்தால், அருவிநீர் செல்லும் அதே வழியில் புன்னைக்காயலை அடைந்து கடலில் சேரும்.